கத்திரி வெயில் காலத்து எரிகல் பொழிவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பகலில் வெளியே தலைகாட்ட முடியாத மே மாதத் தொடக்கத்தில், விடியற்காலை வானத்தில் ஹாலி வால்வெள்ளி உதிர்த்த தூசு எரிந்து விழுகிறது. தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் இந்தப் பொழிவு நன்றாக வாய்த்திருக்கிறது. ஆனாலும் நம் ஊரில் இதைப் பார்த்தவர்கள் குறைவு. பார்க்க எழுந்தவர்களிலும் பலர் தவறான நேரத்தில் எழுந்து, ஒன்றும் தெரியவில்லை என்று திரும்பப் படுத்துவிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கேள்வி பதில்.

நம் கோடையில் பார்க்கக்கூடிய எரிகல் பொழிவு எது?

ஈட்டா அக்வாரிட்ஸ். ஏப்ரல் 19 வாக்கில் தொடங்கி மே 28 வரை நீளும். உச்சம் மே 5, 6 தேதிகளை ஒட்டி வரும். அக்னி நட்சத்திரம் மே 4 அன்று தொடங்குகிறது என்று நாட்காட்டியில் பார்த்தால், அடுத்த இரண்டு மூன்று விடியற்காலைகள் உங்களுடையவை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உலகச் செய்திகளில் 'கோடைகால எரிகல் மழை' என்று வருவது பெரும்பாலும் ஆகஸ்ட் 12, 13 தேதிகளில் உச்சமடையும் பெர்சீட்ஸ். அது வடக்கு நாடுகளின் கோடை. நமக்கு ஆகஸ்டில் பாதி இரவுகள் மேகத்தில் போய்விடும். அதன் எரிகற்கள் புறப்படுவதுபோலத் தோன்றும் இடமும் நம் வடக்கு வானில் பாதி உயரம்கூட ஏறுவதில்லை. மே மாதப் பொழிவு அதற்கு நேர்மாறு. வடக்கே போகப்போக மங்கும், தெற்கே வரவர மேம்படும்.

இந்த எரிகற்கள் எங்கிருந்து வருகின்றன?

ஹாலி வால்வெள்ளி சுமார் 76 ஆண்டுகளுக்கு ஒருமுறை சூரியனை நெருங்குகிறது. கடைசியாக வந்தது 1986இல்; அடுத்து 2061இல். ஒவ்வொரு முறையும் அதன் பனி ஆவியாகும்போது மணல் அளவுத் துகள்கள் பிரிந்து, அதன் பாதையை ஒட்டியே சுற்றத் தொடங்குகின்றன. நூற்றாண்டுகள் போகப்போக அவை பரந்து ஒரு பெரிய தூசு ஆறாகிவிட்டன. மே மாதத்தில் பூமி அந்த ஆற்றின் ஓரத்தை வெட்டிச் செல்கிறது. வால்வெள்ளியின் இன்றைய பாதை அப்போதும் நம்மிடமிருந்து ஏறத்தாழ ஒரு கோடி கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. எனவே நாம் பார்ப்பது 1986இல் உதிர்ந்த தூசை அல்ல, மிகப் பழைய தூசை.

ஹாலி சுற்றுவது பூமி சுற்றும் திசைக்கு எதிர்த்திசையில். ஆகவே இந்தத் துகள்கள் எதிரே வரும் பேருந்தைப்போல நம்மேல் மோதுகின்றன. வேகம் விநாடிக்கு சுமார் 66 கிலோமீட்டர். தரையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் உயரத்திலேயே எரிந்து தீர்ந்துவிடும். கோடு சட்டென்று கிழித்துப் போவதும், போன பிறகு சில விநாடிகள் ஒளித்தடம் தங்குவதும் இந்த வேகத்தால்தான். அந்தத் தடம்தான் இந்தப் பொழிவின் அழகு.

மே 6 என்றால் எந்த இரவு?

மே 5 இரவு படுத்து, 6ஆம் தேதி அதிகாலையில் எழ வேண்டும். 6ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு மாடிக்குப் போனால் ஒன்றுமே இருக்காது. அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான்.

ஒரு நாள் தவறினாலும் பெரிய நட்டமில்லை. இதன் உச்சம் கூர்மையானதல்ல. மே 3 முதல் 10 வரை கிட்டத்தட்ட ஒரு வாரம் நல்ல எண்ணிக்கை இருக்கும். வேலை, பள்ளி என்று இருப்பவர்கள் அந்த வாரத்தில் வரும் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம்.

ஏன் மாலையில் தெரிவதில்லை? எத்தனை மணிக்குப் பார்க்க வேண்டும்?

எரிகற்கள் கும்ப ராசிப் பக்கத்திலிருந்து புறப்படுவதுபோலத் தோன்றும். அந்தப் புள்ளி கிழக்கே உதிக்கும்வரை பொழிவு தொடங்காது. மே 6 வாக்கில் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் அது உதிப்பது 1:45 மணியளவில், கோயம்புத்தூரில் 2 மணியளவில்.

உதித்த உடனே எண்ணிக்கை வந்துவிடாது. சென்னைக் கணக்கில் 3 மணிக்கு அந்தப் புள்ளி வெறும் 18 பாகை (டிகிரி; அடிவானம் 0, தலை உச்சி 90) உயரத்தில் இருக்கும். 4 மணிக்கு 32 பாகை, 4:30க்கு 40 பாகை. ஏற ஏறக் கோடுகள் கூடும். ஆனால் 4:30 மணியோடு சென்னையில் வானம் வெளுக்கத் தொடங்கும். கோவையில் கால் மணி நேரம் கூடக் கிடைக்கும். ஏறும் புள்ளிக்கும் வரும் விடியலுக்கும் நடக்கும் போட்டியில் நமக்குக் கிடைப்பது 3 மணியிலிருந்து 4:45 வரையான நேரம்தான். ஒரு மணி நேரம் மட்டும் முடியும் என்றால் 3:40க்குக் கண்ணைத் திறந்து 4:40 வரை பாருங்கள்.

முழு ஆர்வம் உள்ளவர்கள் 2 மணிக்கே எழலாம். புள்ளி அடிவானத்தை ஒட்டி இருக்கும்போது வரும் துகள்கள் காற்று மண்டலத்தின் மேல்தோலை உரசிக்கொண்டு போகும். மணிக்கு ஒன்றோ இரண்டோதான் கிடைக்கும். சில நாள் அதுவும் இருக்காது. கிடைத்தால் கிழக்கிலிருந்து மேற்குவரை பாதி வானத்தை அளந்துவிட்டுப் போகும் நீண்ட கோடு அது.

மணிக்கு 50 என்று செய்தியில் போட்டிருந்தார்கள். எனக்கு ஆறுதான் தெரிந்தது. ஏன்?

ஆறு சரியான எண்ணிக்கைதான். செய்தியில் வருவது ஒரு கற்பனை நிலைமைக்கான கணக்கு: எரிகற்கள் புறப்படும் புள்ளி நேர் உச்சியில் இருக்க வேண்டும், வானம் அப்பழுக்கற்ற இருட்டாக இருக்க வேண்டும், மரமோ கட்டடமோ எதையும் மறைக்கக் கூடாது. இந்த மூன்றும் ஒரே நேரத்தில் நமக்கு வாய்ப்பதில்லை.

முதல் கழிவு உயரத்தால் வருவது. 40 பாகை உயரத்தில் 50 என்பது 32 ஆகிவிடும். 18 பாகையில் 15தான். அடுத்தது வான வெளிச்சம். இதுதான் பெரிய கழிவு. இந்தப் பொழிவில் மங்கலான கோடுகள் அதிகம். கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்களின் எல்லை ஒரு படி சுருங்கினால் எரிகற்களின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போய்விடும். 4:30 மணி நிலவரத்தைத் தோராயமாகச் சொன்னால், பால்வீதி புகைபோலத் தெளிவாகத் தெரியும் மலை உச்சியில் மணிக்கு 30. பால்வீதி லேசாகத் தெரியும் கிராமத்து வயலில் 13. சிறு நகர மொட்டைமாடியில் 5 அல்லது 6. சென்னையின் நடுவில் இரண்டு.

வானத்தைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. அந்த நேரத்தில் தெற்கே தனுசு ராசி உச்சத்தில் நிற்கும். தென்மேற்கில் சாயும் விருச்சிகத்தின் வால் பக்கத்திலிருந்து தனுசு வழியாக, தலைக்கு மேலே திருவோணம் நட்சத்திரம்வரை பால்வீதி ஓட வேண்டும். அது தெரிந்தால் இடம் நல்ல இடம். தெரியாவிட்டால் அடுத்த முறை இன்னும் 20, 30 கிலோமீட்டர் தள்ளிப் போங்கள்.

இன்னொன்று: எரிகற்கள் கடிகாரம் பார்த்து வருவதில்லை. மணிக்கு 12 என்றால் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்று பொருளில்லை. இருபது நிமிடம் எதுவும் இல்லாமல் இருந்து, பிறகு இரண்டு நிமிடத்தில் மூன்று வரும். 'கால் மணி நேரம் பார்த்தேன், ஒன்றுமில்லை' என்பவர்கள் அந்த இடைவெளியில் மாட்டிக்கொண்டவர்கள்.

சில ஆண்டுகளில் எண்ணிக்கை எகிறுவதும் உண்டு. 2013இல் மேலே சொன்ன கணக்குப்படி 100ஐத் தாண்டியது. பழைய தூசு அடர்ந்த ஓர் இழையை அந்த ஆண்டு பூமி கடந்ததுதான் காரணம்.

நிலா இருந்தால் பார்க்க முடியாதா?

எந்த நிலா என்பதைப் பொறுத்தது. பொழிவு விடியற்காலையில் நடப்பதால் வளர்பிறை நமக்குத் தோழன், தேய்பிறை எதிரி. வளர்பிறை தசமி வரை கவலையே வேண்டாம். நிலா 2 மணி வாக்கில் மறைந்துவிடும். ஏகாதசிக்கு 3 மணி, துவாதசிக்கு ஏறத்தாழ 3:50 வரை நிற்கும். கடைசி முக்கால் மணி நேரம் கிடைக்கும். பௌர்ணமியிலிருந்து தேய்பிறை ஏகாதசி, துவாதசி வரை நிலா விடியும்போது வானத்தில்தான் இருக்கும். திரயோதசிக்குப் பிறகு மெல்லிய பிறை 4 மணிக்கு மேல் எழும். அது தொல்லை இல்லை.

2026இல் மே 1 பௌர்ணமி. உச்ச நாட்களில் முக்கால் பங்குக்கு மேல் ஒளிரும் நிலா விடிய விடிய நிற்கும். அப்படிப்பட்ட ஆண்டில் நிலாவுக்கு முதுகைக் காட்டி, ஒரு சுவரின் நிழலில் படுத்து, பிரகாசமான நாலைந்து கோடுகளோடு திருப்தி அடைய வேண்டியதுதான். 2027இல் மே 6 அன்றே அமாவாசை. விடுப்பு எடுத்துக்கொண்டு மலைக்குப் போகத் தகுந்த ஆண்டு அது.

எந்தத் திசையில் பார்க்க வேண்டும்?

கிழக்கே கால் நீட்டிப் படுத்து, அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுவே, சற்று மேலாகக் கண்ணை வையுங்கள். இருட்டு தெற்கிலோ வடகிழக்கிலோ நன்றாக இருந்தால் அங்கே திரும்பிக்கொள்ளலாம். எரிகற்கள் வானம் முழுக்க வரும்.

புறப்படும் புள்ளியையே முறைத்துப் பார்க்க வேண்டாம். அங்கே வரும் துகள் நேராக நம்மை நோக்கி வருவதால் அதன் கோடு குட்டையாக, சில சமயம் வெறும் பொட்டாகத் தெரியும். 40, 50 பாகை தள்ளிப் பார்த்தால் அதே துகள் நீளமான கோடாகத் தெரியும். தண்டவாளத்தின் நடுவே நின்று பார்த்தால் இரண்டு கம்பிகளும் தூரத்தில் ஒரே புள்ளியில் சேர்வதுபோலத் தோன்றும் அல்லவா? இணையாக வரும் துகள்கள் ஒரு புள்ளியிலிருந்து விரிவதுபோலத் தெரிவதும் அதே கண்ணோட்டக் கணக்குதான்.

ஆனாலும் அந்தப் புள்ளியைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. 4 மணிக்குக் கிழக்கே பாருங்கள். நான்கு நட்சத்திரங்கள் பெரிய சதுரமாக, காலியான உள்பகுதியோடு எழுந்து நிற்கும். மேல்பக்கத்து இரண்டும் பூரட்டாதி, கீழ்பக்கத்து இரண்டும் உத்திரட்டாதி. பூரட்டாதியில் வலப்பக்கத்து நட்சத்திரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் ஏறத்தாழ 10 பாகை. அந்த நட்சத்திரத்திலிருந்து வலப்பக்கம் இரண்டு முஷ்டி போய், சற்று மேலே ஏறினால் புள்ளி வந்துவிடும். அங்கே நாலு மங்கலான நட்சத்திரங்கள் நெருங்கி நிற்கும்; கும்பத்தின் குடம் அதுதான். அதில் ஒன்றான ஈட்டாவின் பெயரைத்தான் பொழிவுக்கு வைத்திருக்கிறார்கள். தென்கிழக்கே தாழ்வாகத் தனியாக மின்னும் பிரகாசமான நட்சத்திரம் ஃபோமல்ஹாட். குடத்திலிருந்து கொட்டும் தண்ணீர் போய்ச் சேரும் மீன் என்று பழைய வான வரைபடங்களில் இருக்கும்.

எங்கே போகலாம்?

முதலில் சொந்த ஊர். உறவினர் வீடோ தோட்டமோ உள்ள கிராமம், முன்பின் தெரியாத மலையைவிட எப்போதும் மேல். ராத்திரி 2 மணிக்கு டார்ச்சோடு வயலில் நடப்பவரை யாரும் சந்தேகப்படுவார்கள். பக்கத்து வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மலை என்றால் ஜவ்வாது மலையும் கொல்லிமலையும் நல்ல இருட்டு. ஜவ்வாது மலைக் காவலூரில், சுமார் 700 மீட்டர் உயரத்தில் வைணு பாப்பு வானாய்வகத்தை அமைத்ததற்கே இருட்டும் தெற்கு வானமும் காரணங்கள். அங்கே ஆய்வு நடந்துகொண்டிருக்கும் என்பதால் வானாய்வகத்துப் பக்கம் முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு சுற்றக் கூடாது. தங்கும் விடுதியில் அறை எடுத்து, அதன் தோட்டத்திலேயே பாருங்கள். வளாக விளக்குகளை 3 மணிக்கு மேல் அணைக்க முடியுமா என்று அறை எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். காட்டுச் சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்திப் பார்ப்பது யானை உள்ள ஊரில் உயிரோடு விளையாடுவது. திம்பம் போன்ற மலைப்பாதைகளில் இரவுப் போக்குவரத்துக் கட்டுப்பாடும் இருக்கிறது.

கிழக்குக் கடற்கரைக்கு இந்தப் பொழிவில் தனி வசதி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகு விளக்குகள் கடலில் இருக்காது. கிழக்கே கடல் மட்டம்வரை இருட்டாகக் கிடைக்கும். ஈரப்பதத்தால் அடிவானத்தை ஒட்டிப் பத்துப் பதினைந்து பாகை மங்கும். புள்ளி அதைத் தாண்டி ஏறிவிடுவதால் பாதகமில்லை. தனுஷ்கோடிக்குள் இரவில் அனுமதி கிடையாது; அந்த ஆசையை விட்டுவிடுங்கள். இலங்கையில் திருகோணமலை, மட்டக்களப்புக் கரைகளுக்கு மே மாதம் நல்ல காலம். தென்மேற்குப் பருவமழை மேற்குக் கரையைத்தான் முதலில் நனைக்கும்.

மொட்டைமாடியில் பார்க்க என்ன ஏற்பாடு வேண்டும்?

தெருவிளக்கு நேரடியாகக் கண்ணில் படாமல் செய்வதுதான் முதல் வேலை. கைப்பிடிச் சுவரை ஒட்டிப் படுத்தால் பாதி விளக்குகள் மறைந்துவிடும். மறையாததற்குத் துணி காயப்போடும் கொடியில் கெட்டியான போர்வையை இரண்டாக மடித்துத் தொங்கவிடுங்கள். மாடிப்படி விளக்கு, தண்ணீர்த் தொட்டி மோட்டாரின் சிவப்பு விளக்கு, பக்கத்து வீட்டுக் கண்காணிப்புக் கேமராவின் விளக்கு ஆகியவற்றை முந்தைய நாள் இரவே போய்ப் பார்த்து வைத்தால் 3 மணிக்குத் தடுமாற வேண்டாம்.

மே மாதத்தில் கான்கிரீட் தளம் நடுநிசியிலும் சுடும். இரவு 8 மணிக்குத் தண்ணீர் தெளித்துவிட்டால் 2 மணிக்குள் தாங்கும் சூட்டுக்கு வந்து, ஈரமும் காய்ந்திருக்கும். பாயைவிடக் கயிற்றுக் கட்டிலோ மடக்குக் கட்டிலோ நல்லது: கீழிருந்து சூடு ஏறாது, கழுத்தும் வலிக்காது. வயலிலும் தோட்டத்திலும் கட்டில் கட்டாயம். கோடை இரவில் பாம்பும் தேளும் வெளியே திரியும் காலம். செருப்பை உதறிப் போடுங்கள், நடக்கும்போது மட்டும் டார்ச் அடியுங்கள்.

ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், மெல்லிய துப்பட்டி, கொசுவிரட்டிக் களிம்பு. கொசுவர்த்தி ஏற்றினால் காற்று போகும் பக்கம் தள்ளி வையுங்கள். புகை வானத்தை மங்கச் செய்யாவிட்டாலும் கண்ணை எரிக்கும். மலையில் என்றால் கம்பளிப் போர்வை தேவைப்படும். அசையாமல் படுத்திருக்கும்போது குளிர் கூடுதலாகத் தெரியும்.

போனில் நேரம் பார்த்தால் என்ன ஆகும்?

இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். போன் திரையை ஐந்து விநாடி பார்த்தாலே அந்தப் பழக்கம் கலைந்து மறுபடி தொடங்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் மூன்று முறை போனைப் பார்ப்பவர் மங்கலான எரிகற்களை அன்று பார்க்கவே மாட்டார்.

அலாரம் வைத்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வையுங்கள். வெளிச்சம் தேவைப்பட்டால் டார்ச்சின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை மூன்று மடிப்பாக வைத்து ரப்பர் பேண்ட் போடுங்கள். சிவப்பு ஒளி இருட்டுப் பார்வையை அதிகம் கெடுக்காது, ஆனால் மங்கலாக இருக்க வேண்டும். சிவப்பு என்பதற்காகப் பளீரென்று அடிக்கக் கூடாது. கூட்டமாகப் போனால் ஒருவர் போனை எடுத்தாலும் எல்லாருக்கும் கெடும். இந்த விதியைத் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள்.

தொலைநோக்கி வேண்டுமா?

வேண்டாம். தொலைநோக்கியிலும் பைனாகுலரிலும் தெரிவது வானத்தின் சின்னத் துண்டு. கோடு வேறெங்கோ போய்விடும். பைனாகுலர் கையில் இருந்தால், கோடு போன பிறகு தங்கும் ஒளித்தடத்தைச் சட்டென்று பிடித்துப் பாருங்கள். மேல்காற்றில் அது வளைந்து நெளிவது சில நேரம் தெரியும்.

கேமராவில் பிடிப்பது எப்படி? ஒன்றுமே விழவில்லையே?

அகலக் கோண லென்ஸ், 14 முதல் 24 மில்லிமீட்டர். துளை எஃப் 2.8 அல்லது அதைவிடப் பெரிது. ஐஎஸ்ஓ 1600 முதல் 3200. ஒரு படத்துக்கு 15 முதல் 20 விநாடி. முக்காலியில் பூட்டி, இடைவெளி இல்லாமல் படம் எடுக்கும் கருவியை மாட்டி, 2:30இலிருந்து 4:45 வரை விட்டுவிட வேண்டும். இரண்டேகால் மணி நேரத்தில் 400 முதல் 500 படங்கள் சேரும்; அதில் மூன்று நான்கில் எரிகல் இருந்தால் நல்ல வேட்டை. கோப்பு ரா (RAW) வடிவில் இருக்கட்டும்.

பொதுவாகத் தவறுவது எங்கே என்றால்:

குவியம் (ஃபோகஸ்). தானியங்கிக் குவியம் இருட்டில் அலைந்துகொண்டே இருக்கும். அதை அணைத்துவிட்டு, உச்சிக்கு அருகே உள்ள திருவோணத்தைத் திரையில் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும்வரை கையால் திருப்புங்கள். பிறகு லென்ஸ் வளையத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள்.

நீண்ட நேரப் படங்களுக்கான இரைச்சல் குறைப்பு. இது இயங்கினால் ஒவ்வொரு படத்துக்கும் பிறகு கேமரா அதே அளவு நேரம் சும்மா நிற்கும். பாதி எரிகற்கள் அந்த நேரத்தில் போய்விடும். அணைத்து வையுங்கள்.

ஏசி. குளிரூட்டிய அறையிலிருந்தோ காரிலிருந்தோ நேராக வெளியே எடுத்தால், நம் ஊர் ஈரக்காற்றில் லென்ஸ் உடனே வியர்த்துவிடும். துடைக்கத் துடைக்க மறுபடி படியும். கேமராவைப் பைக்குள் மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வைத்து, சூடு சமமான பிறகு திறக்க வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் கண்ணுக்குத் தெரிந்த எரிகல் படத்தில் இல்லை என்பது இந்தப் பொழிவில் சகஜம். விநாடிக்கு 66 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஒளி ஒவ்வோர் இடத்திலும் நொடியின் சிறு பங்குதான் தங்குகிறது. படத்தின் நேரத்தை நீட்டினால் வானம் வெளுக்குமே தவிர எரிகல் பிரகாசமாகாது. துளையும் ஐஎஸ்ஓவும்தான் உதவும். கைப்பேசியில் எடுப்பவர்கள் மேனுவல் முறையில் 15 முதல் 30 விநாடி வைத்து, செங்கல்லில் சாய்த்து வைத்தாவது அசையாமல் நிறுத்துங்கள். மிகப் பிரகாசமானவை மட்டும் விழும்.

பார்த்தது எரிகல்தானா, செயற்கைக்கோளா?

இந்த எரிகல் ஒரு விநாடிக்குள் முடிந்துவிடும். செயற்கைக்கோள் மின்னாமல், நிதானமாக, நிமிடக்கணக்கில் வானத்தைக் கடக்கும். விடியலுக்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் இவை அதிகம். வரிசையாக மணி கோத்ததுபோலப் போனால் அண்மையில் ஏவிய ஸ்டார்லிங்க். விட்டுவிட்டு மின்னினால் விமானம். உடைந்து உடைந்து அரை நிமிடமோ அதற்கு மேலுமோ மெதுவாக எரிந்து போனால், பெரும்பாலும் விண்வெளிக் குப்பை காற்று மண்டலத்துக்குள் நுழைகிறது.

எரிகல்லே ஆனாலும் இந்தப் பொழிவைச் சேர்ந்ததா என்பது வேறு கேள்வி. எந்த இரவிலும் மணிக்குச் சில தனி எரிகற்கள் வரும். கோட்டைப் பின்னோக்கி நீட்டிப் பாருங்கள். கும்பத்தின் குடத்தில் போய் முட்டினால், வேகமும் அதிகமாக இருந்தால், நம்முடையது. குடத்துக்குப் பக்கத்திலேயே தோன்றிய கோடு நீளமாகவோ மெதுவாகவோ இருந்தால் அது வேறு.

எண்ணிக்கை எடுத்தால் யாருக்காவது பயன்படுமா?

பயன்படும். சர்வதேச எரிகல் அமைப்பு உலகெங்கும் உள்ள பார்வையாளர்களின் கணக்கைச் சேகரிக்கிறது. குறிக்க வேண்டியவை: தொடங்கிய, முடித்த நேரம், இடையில் எழுந்து போன நிமிடங்கள், கண்ணுக்குத் தெரிந்த மிக மங்கலான நட்சத்திரம், மேகம் மறைத்த பங்கு, 15 நிமிடத்துக்கு ஒருமுறை பொழிவைச் சேர்ந்தவை எத்தனை, சேராதவை எத்தனை. எழுதக் குனிந்தால் அந்த நேரத்தில் வருவது தவறும். குரல் பதிவைப் போட்டுவிட்டுச் சொல்லிக்கொண்டே போங்கள்.

மூன்று பேர் பார்த்ததைக் கூட்டிப் போடக் கூடாது. அவரவர் கண்ணால் பார்த்தது அவரவர் கணக்கு. 'அதோ!' என்று ஒருவர் கத்திய பிறகு திரும்பிப் பார்த்த தடமும் கணக்கில் சேராது.

எரிநட்சத்திரம் பார்ப்பது கெட்ட சகுனமா?

இல்லை. விண்மீன் விழுவதை அரசனின் சாவோடு சேர்த்துப் பார்த்தது சங்க காலத்திலேயே உண்டு. பார்த்ததும் பச்சை மரத்தைப் பார் என்று இன்றும் சில வீடுகளில் பெரியவர்கள் சொல்வார்கள். விழுவது நட்சத்திரமல்ல, மணல் அளவு தூசு. பிள்ளைகளை அழைத்துப் போகும்போது வீட்டில் இதைச் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். மரத்தைப் பார்க்கத் தலையைத் திருப்பினால் அடுத்த கோடு தவறிவிடும் என்பதுதான் உண்மையான நட்டம்.

கல் தரையில் விழுமா?

இந்தப் பொழிவிலிருந்து விழாது. வால்வெள்ளித் தூசு இளகலானது, வேகமும் மிக அதிகம்; ஒரு துண்டும் மிஞ்சாது. தரையில் கிடைக்கும் விண்கற்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

வெளிநாட்டில் இருக்கிறோம். எங்களுக்குத் தெரியுமா?

மலேசியா, சிங்கப்பூரில் நன்றாகத் தெரியும். அங்கே கடிகாரம் சூரியனைவிட முந்தி ஓடுவதால் புள்ளி 2:45 மணியை ஒட்டி உதிக்கும். 4:30 முதல் 5:40 வரை பாருங்கள். ஆஸ்திரேலியாவில் இருப்பவர்களுக்கு நம்மைவிட நல்ல காட்சி: அங்கே அது இலையுதிர் காலம், இரவு நீளம், புள்ளி கூடுதல் உயரம் ஏறும். லண்டன், டொரொன்டோ போன்ற ஊர்களில் புள்ளி ஏறுவதற்குள் விடிந்துவிடும். மணிக்குச் சிலவே கிடைக்கும். அவர்கள் ஆகஸ்ட் பெர்சீட்ஸுக்குக் காத்திருக்கலாம்.

மேகம் மூடிவிட்டால்?

கோடை இடிமழை பெரும்பாலும் மாலையில் வந்து நடுநிசிக்குள் ஓய்ந்துவிடும். மாலையில் கருமேகம் பார்த்து அலாரத்தை அணைக்காதீர்கள். மழை தூசைக் கழுவிய பிறகு வரும் விடியற்காலைதான் அந்த வாரத்தின் மிகத் தெளிவான வானமாக இருக்கும். எழுந்து பார்த்தும் மூடியிருந்தால் அடுத்த நாள், அதற்கடுத்த நாள் என்று மே 10 வரை முயலலாம்.

அந்த வாரமே கைவிட்டாலும் ஹாலியின் தூசு ஆற்றைப் பூமி அக்டோபரில் இன்னொரு முறை கடக்கிறது. ஓரியானிட்ஸ் என்று பெயர். அக்டோபர் 21, 22 வாக்கில், திருவாதிரை நட்சத்திரத்துக்கு வடக்கேயிருந்து புறப்படும். மே மாதத்தின் பாதிக்கும் குறைவான எண்ணிக்கைதான், வடகிழக்குப் பருவமழையும் அதே நாட்களில் தொடங்கிவிடும். எனவே மழை பெய்து ஓய்ந்த ஓர் இரவு வாய்த்தால், 2 மணிக்கு மேல் எழுந்து தலைக்கு நேரே பாருங்கள்.